சின்ன ஊர் அமெரிக்காவில் மின்சாரக் கார்: வீட்டுப் பேனலில் தொடங்கி நெடுஞ்சாலை வரை

இந்தியானா மாநிலத்தின் தெற்கே கொலம்பஸ் என்றொரு ஊர். மக்கள்தொகை ஐம்பதாயிரத்தைச் சுற்றி இருக்கும். கம்மின்ஸ் டீசல் எஞ்சின் கம்பெனி 1919-இல் இங்கேதான் தொடங்கியது. அந்தக் கம்பெனி வேலைக்காக வந்து வீடு வாங்கித் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் இங்கே உண்டு. இதுபோல நூற்றுக்கணக்கான ஊர்கள் அமெரிக்காவின் நடுப்பகுதியில் இருக்கின்றன: ஒரு தொழிற்சாலை அல்லது ஒரு மருத்துவமனை, சுற்றிலும் சோளக் காடு, பெரிய நகரம் போக ஒரு மணி நேரம். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு மின்சாரக் கார் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காகவே இது.

சிகாகோவில் அடுக்குமாடியில் இருப்பவருக்குத் தெருவெங்கும் சார்ஜர் உண்டு, சொந்தமாக ஒரு ப்ளக் பாயின்ட் கிடையாது. சின்ன ஊரில் நேர்மாறு. வெளியே சார்ஜர் குறைவு; ஆனால் வீட்டோடு ஒட்டிய கராஜ், சொந்த மீட்டர், சொந்தச் சுவர் இருக்கிறது. ராத்திரி பத்து மணி நேரம் கார் சும்மா நிற்கிறது. மின்சாரக் காருக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் வாங்கும் வரிசையை மாற்ற வேண்டும். பெரும்பாலானோர் முதலில் காரைப் பிடித்து, பிறகு சார்ஜர் தேடி, கடைசியில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிறார்கள். நீங்கள் முதலில் வீட்டு மின் பேனலை, அதாவது பிரேக்கர்கள் இருக்கும் பெட்டியைப் பாருங்கள், அடுத்து மின் கம்பெனியிடம் பேசுங்கள், அதன்பின் கார் பார்க்கப் போங்கள்.

இந்தக் கட்டுரை முழுவதும் கிலோவாட்-மணியை நம் வீட்டு வழக்கப்படி யூனிட் என்றே சொல்கிறேன்.

முதல் படி: ஜனவரியில் மிக அதிகம் ஓட்டும் நாளைக் கணக்கிடுங்கள்

தினமும் வேலைக்குப் போய்வர எத்தனை மைல் என்ற கணக்கு இங்கே உதவாது. சின்ன ஊரில் அது பத்து, பதினைந்து மைலுக்குள் முடிந்துவிடும். பார்க்க வேண்டியது குளிர்காலத்தில் நீங்கள் மிக அதிகமாக ஓட்டும் ஒரு நாளை.

கொலம்பஸ்காரருக்கு அது இண்டியானாபோலிஸ் போய்வரும் நாள். ஒரு வழிக்கு ஏறக்குறைய 45 மைல். கோயில், இந்திய மளிகைக் கடை, நண்பர் வீடு, விமான நிலையம் என்று சுற்றினால் மொத்தம் 120 மைல் ஆகிவிடும். அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கமான ஏஏஏ 2019-இல் செய்த சோதனையில், வெளியே மைனஸ் 7 டிகிரி செல்சியஸ் இருந்து உள்ளே ஹீட்டரும் ஓடினால் ரேஞ்ச், அதாவது ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம், சராசரியாக 41 சதவீதம் குறைந்தது. வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே இழுத்துக் குறைந்த மின்சாரத்தில் சூடேற்றும் ஹீட் பம்ப் உள்ள இன்றைய கார்கள் இதைவிட நன்றாகச் சமாளிக்கின்றன. ஆனாலும் கணக்குப் போடும்போது அந்த 41-ஐயே வைத்துக்கொள்ளுங்கள். 250 மைல் ரேஞ்ச் என்று ஸ்டிக்கரில் போட்ட கார் அந்த நாளில் 150 மைல் போகும். 120 மைல் பயணத்தை வெளியே எங்கும் சார்ஜ் செய்யாமலே முடித்து வீடு திரும்பலாம். 150 மைல் ரேஞ்ச் உள்ள பழைய கார் என்றால் 90 மைலுக்குள் நின்றுவிடும். அது ஊருக்குள் ஓட்ட மட்டும்.

உங்கள் ஊரின் மைல்களை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். வரும் எண்ணைக் குறித்து வையுங்கள். கார் தேர்வுக்கு அதுதான் அடிப்படை.

இரண்டாம் படி: பேனலைத் திறந்து பாருங்கள்

கராஜிலோ அடித்தளத்திலோ இருக்கும் மின் பேனலின் மெயின் பிரேக்கரில் 100 அல்லது 200 என்று எழுதியிருக்கும். 200 ஆம்ப் என்றால் பெரும்பாலும் கவலையில்லை. பழைய பண்ணை வீடுகளிலும், புரொபேன் வாயுவில் சூடேற்றும் வீடுகளிலும் 100 ஆம்ப்தான் இருக்கும். அப்போது எலெக்ட்ரீஷியனிடம் லோடு கால்குலேஷன், அதாவது வீடு மொத்தம் எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்ற கணக்கு, போட்டுத் தரச் சொல்லுங்கள். மின் அடுப்பு, துணி உலர்த்தி, வாட்டர் ஹீட்டர், கிணற்று மோட்டார் எல்லாம் அதில் சேரும். வீட்டில் ஹீட் பம்ப் இருந்தால் அதன் துணை ஹீட்டரைக் கண்டிப்பாகச் சேர்க்க வேண்டும். கடும் குளிர் இரவில் அது மட்டுமே 10 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கலாம். கார் சார்ஜ் ஆவதும் அதே இரவில்தான்.

அடுத்த கேள்வி, எவ்வளவு வேகமான சார்ஜர் வேண்டும் என்பது.

*சாதாரண 120 வோல்ட் ப்ளக்.* இதை லெவல் 1 என்பார்கள். 12 ஆம்ப் இழுக்கும், அதாவது 1.44 கிலோவாட். ராத்திரி பத்து மணி நேரம் செருகி வைத்தால் நல்ல பருவத்தில் 35 முதல் 40 மைல் ஏறும். ஊருக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு வருடத்தின் பெரும்பகுதி இதுவே போதும். குறைபாடு குளிர்காலத்தில் தெரியும்: வரும் கொஞ்ச மின்சாரத்தில் ஒரு பங்கை பேட்டரியைச் சூடேற்றவே கார் செலவழித்துவிடும். இந்த வழியில் போவதானால், கராஜ் ஃப்ரீசர் ஓடும் அதே சர்க்யூட்டில் காரைச் செருகாதீர்கள். எக்ஸ்டென்ஷன் கார்டு கூடவே கூடாது. ப்ளக் தளர்வாக உட்கார்ந்தால் அவுட்லெட்டைப் புதிதாக மாற்றச் சொல்லுங்கள். சில டாலர் செலவில் தீ அபாயம் ஒன்று நீங்கும்.

*240 வோல்ட்.* இது லெவல் 2. இங்கேதான் மக்கள் தேவைக்கு மேல் செலவழிக்கிறார்கள். கார் விற்பவர் 48 ஆம்ப் சார்ஜரைச் சொல்வார்; அதற்கு 60 ஆம்ப் சர்க்யூட் வேண்டும், ஏனென்றால் மணிக்கணக்கில் ஓடும் லோடு சர்க்யூட் அளவில் 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்க மின் விதி. 100 ஆம்ப் பேனல் வீட்டில் அதற்காகப் பேனலையே மாற்றச் சொல்வார்கள். சில ஆயிரம் டாலர் போய்விடும். 30 ஆம்ப் சர்க்யூட்டில் 24 ஆம்ப் சார்ஜர் போட்டால் என்ன கிடைக்கும் என்று பாருங்கள்: 5.76 கிலோவாட். ஒன்பது மணி நேரத்தில் ஏறக்குறைய 52 யூனிட், நல்ல பருவத்தில் 150 மைலுக்கு மேல். ஒரே இரவில் அதற்கும் மேல் தேவைப்படும் நாள் எத்தனை வரும்? என் தேர்வு, இடமிருந்தால் 40 ஆம்ப் சர்க்யூட்டில் 32 ஆம்ப் சார்ஜர். இடமில்லையென்றால் தயங்காமல் 24. வீட்டின் மொத்த லோடைக் கவனித்துக் காரின் மின்சாரத்தைத் தானே குறைக்கும் லோடு மேனேஜ்மென்ட் சாதனங்களும் உண்டு. பேனலை மாற்றச் சொல்லும் எலெக்ட்ரீஷியனிடம் அதைப் பற்றி முதலில் கேளுங்கள்.

வயரிங் செய்யும்போது கவனிக்க வேண்டியவை சில இருக்கின்றன. வீட்டு வேலையில் எலெக்ட்ரீஷியன்கள் வழக்கமாக இழுக்கும் ரோமெக்ஸ் வகைக் கேபிளில் 10 கேஜ் (கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிமன்) காப்பர் 30 ஆம்ப் சர்க்யூட்டுக்கும், 8 கேஜ் 40 ஆம்ப் சர்க்யூட்டுக்கும் சரி. ஆரஞ்சு உறை 10 கேஜுக்கும் கறுப்பு உறை அதைவிடத் தடித்த வயருக்கும் வரும் என்பதால், நிறத்தைப் பார்க்காமல் உறைமேல் அச்சிட்ட எண்ணையே படியுங்கள். 6 கேஜ் ரோமெக்ஸ் 55 ஆம்ப்தான் தாங்கும். அதில் 60 ஆம்ப் பிரேக்கர் போட்டு 48 ஆம்ப் சார்ஜரை மாட்டக்கூடாது. கான்ட்யூட் குழாய்க்குள் செல்லும் தனி 6 கேஜ் வயர் என்றால் தாங்கும். இதைத் தவறாகச் செய்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

ப்ளக் வைப்பதா, சார்ஜரை நேரடியாக வயரோடு இணைப்பதா? நேரடி இணைப்பே மேல். நீமா 14-50 எனும் பெரிய நான்கு முனை அவுட்லெட்டின் மலிவான வகைகள், எப்போதோ ஒருமுறை சமைக்கும் அடுப்புக்காகச் செய்யப்பட்டவை. இரவு முழுக்க, மாதம் முழுக்க 32 அல்லது 40 ஆம்ப் ஓடினால் உள்ளே இருக்கும் பிடிப்புகள் சூடாகித் தளர்ந்து, பிளாஸ்டிக் உருகும். அவுட்லெட்தான் வேண்டுமென்றால் ஹப்பெல், பிரையன்ட் போன்ற தொழில்தர வகையை விலை பார்க்காமல் வாங்குங்கள். அவுட்லெட் வைத்தால் புதிய விதிகளின்படி பல இடங்களில் தரைக்கசிவைப் பிடிக்கும் ஜிஎஃப்சிஐ பிரேக்கரும் வேண்டும். சார்ஜருக்குள்ளும் அதே பாதுகாப்பு இருப்பதால் இரண்டும் முட்டிக்கொண்டு நடு இரவில் காரணமில்லாமல் ட்ரிப் ஆவதுண்டு. நேரடி இணைப்பில் இந்தத் தொல்லை குறைவு.

சின்ன ஊருக்கே உரிய இன்னொரு விஷயம், வெல்டிங் அவுட்லெட். பழைய வீட்டின் கராஜிலோ கொட்டகையிலோ வெல்டிங் மெஷினுக்காக 240 வோல்ட், 50 ஆம்ப் அவுட்லெட் ஒன்று ஏற்கெனவே இருக்கும். வேலை மிச்சம் என்று அதில் காரைச் செருகிவிடத் தோன்றும். நிறுத்துங்கள். வெல்டிங் மெஷின் விட்டுவிட்டு ஓடுவது என்பதால், அதற்கு மெலிந்த வயர் போட மின் விதியே அனுமதிக்கிறது. பிரேக்கரில் 50 என்று எழுதியிருந்தாலும் உள்ளே போகும் வயர் கார் சார்ஜுக்குத் தாங்காமல் போகலாம். வயர் என்ன கேஜ் என்று திறந்து பார்த்த பிறகே தொடுங்கள்.

கராஜ் வீட்டிலிருந்து தள்ளி இருந்தால் பள்ளம் தோண்ட வேண்டும். பிவிசி குழாயில் போனால் 18 அங்குலம், கேபிளை நேரடியாகப் புதைத்தால் 24 அங்குலம் ஆழம். தோண்டுவதற்கு முன் 811-க்குப் போன் செய்யுங்கள். கேஸ், மின்சாரம், தொலைபேசி லைன்கள் எங்கே போகின்றன என்று இலவசமாக வந்து தரையில் குறித்துவிட்டுப் போவார்கள். நூறு, நூற்றைம்பது அடி தூரம் என்றால் வோல்டேஜ் குறையும். அதற்கேற்ப வயரைத் தடிமனாகப் போடச் சொல்லுங்கள். அவ்வளவு தூரத்துக்குக் காப்பர் விலை கட்டுப்படியாகாது. மெயின் பேனலிலிருந்து அலுமினிய ஃபீடர் வயர் இழுத்து அங்கே ஒரு சப்-பேனல், அதாவது துணைப் பேனல், வைப்பதுதான் வழக்கம்.

பெர்மிட் வேண்டுமா என்று ஊர் அலுவலகத்திலோ கவுன்டி அலுவலகத்திலோ கேட்டுவிடுங்கள். சார்ஜரில் யுஎல் அல்லது ஈடிஎல் எனும் பாதுகாப்புச் சோதனை முத்திரை இருக்கிறதா பாருங்கள். ஆன்லைனில் முத்திரையில்லாமல் பாதி விலைக்கு வருபவை வேண்டாம்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் முதலில் வீட்டுக்காரரிடம் கராஜ் அவுட்லெட்டைப் பயன்படுத்த எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அது முடியாதென்றால் வேலை இடத்தில் சார்ஜர் இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டுமே இல்லையென்றால் சின்ன ஊரில் மின்சாரக் கார் இப்போதைக்கு வேண்டாம். பொது சார்ஜரை மட்டும் நம்பினால் காசும் நேரமும் வீணாகும், ஹைப்ரிட் வாங்குங்கள்.

மூன்றாம் படி: மின் கம்பெனியிடம் பேசுங்கள்

கொலம்பஸ் ஊருக்குள் டியூக் எனர்ஜி என்ற பெரிய கம்பெனி. ஊரைத் தாண்டிச் சில மைல் போனால் பார்த்தலோமியூ கவுன்டி ஆர்ஈஎம்சி எனும் கூட்டுறவுச் சங்கம். நாடு முழுக்க இப்படித்தான். 1930-களில் தனியார் கம்பெனிகள் லாபமில்லை என்று பண்ணைகளுக்கு மின்கம்பி இழுக்க மறுத்தன. 1935-இல் அதிபர் ரூஸ்வெல்ட் கிராம மின்மயத்துக்கு ஒரு நிர்வாகத்தை உருவாக்கினார், 1936-இல் அதற்குச் சட்டம் வந்தது. விவசாயிகள் சேர்ந்து கடன் வாங்கித் தாங்களே கம்பி இழுத்துக்கொண்டார்கள். இன்று சுமார் 900 சங்கங்கள் நாட்டின் நிலப்பரப்பில் பாதிக்கு மேல் மின்சாரம் தருகின்றன. நீங்கள் அதில் வாடிக்கையாளர் மட்டுமில்லை, உறுப்பினர். ஆண்டுக் கூட்டத்தில் ஓட்டும் உண்டு. மின்சாரக் காருக்கென்று தனிக் கட்டணம் இல்லாவிட்டால், அந்தக் கூட்டத்துக்குப் போய்க் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

போன் செய்து கேட்க வேண்டியவை இவை. இரவு நேரத்துக்குக் குறைந்த கட்டணம் உண்டா, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை? சார்ஜர் வைக்க ரிபேட் தருகிறீர்களா? டிமாண்ட் சார்ஜ் இருக்கிறதா? கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. சில சங்கங்கள் மாதம் எத்தனை யூனிட் என்பதோடு, உச்ச நேரத்தில் ஒரே சமயத்தில் அதிகபட்சம் எத்தனை கிலோவாட் இழுத்தீர்கள் என்பதற்கும் தனியாகப் பணம் வாங்கும். அங்கே வீட்டுக்கு வந்ததும் சாயங்காலம் ஆறு மணிக்கு, அடுப்பும் உலர்த்தியும் ஓடும்போது காரையும் செருகினால், அந்த ஒரு மணி நேரம் மாத பில்லையே தூக்கிவிடும். நள்ளிரவுக்கு மேல் சார்ஜ் ஆகும்படி காரில் நேரம் வைத்துவிட்டால் தீர்ந்தது.

சார்ஜர் வைக்கப்போகிறோம் என்பதையும் சொல்லிவிடுங்கள். கிராமப்புறத்தில் கம்பத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றிரண்டு வீட்டுக்கு மட்டுமே, 10 அல்லது 15 கேவிஏ அளவில், இருக்கலாம். முன்கூட்டியே தெரிந்தால் வந்து பார்ப்பார்கள்.

மத்திய அரசின் உதவி பற்றி இன்னும் பழைய தகவல்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. புதிய காருக்கான 7,500 டாலர், பழைய காருக்கான 4,000 டாலர் வரிச் சலுகைகள் இரண்டும் 2025 செப்டம்பர் 30-உடன் முடிந்துவிட்டன. வீட்டுச் சார்ஜருக்கான சலுகை தனி: செலவில் 30 சதவீதம், அதிகபட்சம் 1,000 டாலர், படிவம் 8911. அதுவும் 2026 ஜூன் 30-க்குள் பொருத்திப் பயன்பாட்டுக்கு வந்த சார்ஜருக்கு மட்டும். நகர்ப்புறம் அல்லாத பகுதிகளுக்கும் வருமானம் குறைந்த பகுதிகளுக்கும் என்றே வகுத்த சலுகை என்பதால், சின்ன ஊர்க்காரர்கள் பலர் அதற்குள் வருவார்கள். அந்தத் தேதிக்குள் பொருத்தியிருந்தால் அந்த ஆண்டின் வரிக் கணக்கில் விட்டுவிடாதீர்கள்.

செலவுக் கணக்கு இப்படி: மாதம் 1,000 மைல் ஓட்டினால் 300 யூனிட், சார்ஜ் ஆகும்போது வீணாவதையும் சேர்த்து 330. யூனிட் 16 சென்ட் என்றால் 53 டாலர். கேலனுக்கு 28 மைல் தரும் காருக்கு கேஸ் (பெட்ரோல்) 3.20 டாலர் விலையில் 114 டாலர் ஆகும். அதே 300 யூனிட்டை நெடுஞ்சாலை ஃபாஸ்ட் சார்ஜரில் 50 சென்ட் வீதம் வாங்கினால் 150 டாலர், கேஸைவிட அதிகம். இந்தக் காரின் லாபம் முழுவதும் உங்கள் கராஜுக்குள்தான் இருக்கிறது.

நான்காம் படி: இப்போது கார்

முதல் படியில் குறித்த மைல் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் நான்கு விஷயங்களைப் பார்த்தால் போதும்.

ஒன்று, சார்ஜ் செய்யும் வாய். டெஸ்லா வடிவமாகத் தொடங்கிய நாக்ஸ் இப்போது பொதுத் தரமாகிவிட்டது; 2025 ஹூண்டாய் ஐயோனிக் 5 அதோடுதான் வருகிறது. சில ஆண்டுகள் பழைய கார்களில் சிசிஎஸ் எனும் வேறு வடிவ வாய் இருக்கும். 2024-இல் ஃபோர்டில் தொடங்கி அடுத்தடுத்துப் பல கம்பெனிகளுக்கும் டெஸ்லாவின் ஃபாஸ்ட் சார்ஜர்களான சூப்பர்சார்ஜர்கள் திறக்கப்பட்டதால், அடாப்டர் இருந்தால் சிசிஎஸ் காரிலும் பயணம் போகலாம். பழைய நிசான் லீஃபில் இருக்கும் சாடெமோ எனும் வாய் மட்டும் வெளியூர்ப் பயணத்துக்கு ஆகாது.

இரண்டு, ஹீட் பம்ப். வடக்கு மாநிலங்களில் இது கண்டிப்பாக வேண்டும். மூன்று, சர்வீஸ். எந்த டீலரிடம் மின்சாரக் கார் பழுதுபார்க்கப் பயிற்சி பெற்ற ஆள் இருக்கிறார், அவர் எத்தனை மைல் தள்ளி இருக்கிறார் என்று கேளுங்கள். ஊரிலேயே ஷெவ்ரோலே டீலர் இருக்கிறார் என்பது மட்டும் போதாது. எல்லா டீலரும் பேட்டரிப் பக்கம் போவதில்லை. சின்ன ஊரில் வாழ்கிறவர் இதை ரேஞ்சைவிட முக்கியமாக நினைக்க வேண்டும்.

நான்கு, பழைய கார் வாங்கலாமா என்பது. ஊருக்குள் ஓட்டும் இரண்டாவது காராக என்றால் தாராளமாக வாங்கலாம். ஷெவ்ரோலே போல்ட் நல்ல தேர்வு. தீ அபாயத்துக்காக 2021-இல் திரும்ப அழைக்கப்பட்டு, பல கார்களுக்குப் புதிய பேட்டரியே போட்டுக் கொடுத்தார்கள். பார்க்கும் காருக்கு அது நடந்ததா என்று காரின் அடையாள எண்ணை வைத்து டீலரிடம் சரிபாருங்கள். அதன் ஃபாஸ்ட் சார்ஜ் 55 கிலோவாட்டைத் தாண்டாது. நீண்ட பயணத்தில் பொறுமை வேண்டும். பழைய லீஃபில் பேட்டரியைக் குளிர்விக்கும் திரவ அமைப்பு இல்லை. டெக்சாஸ், அரிசோனா வெயிலில் ஓடி வந்த லீஃப் என்றால் டாஷ்போர்டின் ஓரத்தில் பேட்டரியின் ஆரோக்கியத்தைக் காட்டும் 12 கோடுகளில் எத்தனை மிச்சம் என்று எண்ணிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

ஐந்தாம் படி: அன்றாடப் பழக்கம்

வீட்டுக்கு வந்ததும் செருகுங்கள்; எப்போது தொடங்க வேண்டும் என்பதைக் கார் பார்த்துக்கொள்ளும். வழக்கமாக 80 சதவீதம் வரை. பயணத்துக்கு முந்தைய இரவு மட்டும் 100. எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி உள்ள கார்களுக்கு இந்த விதி வேறு. வாரம் ஒருமுறை 100 வரை ஏற்றச் சொல்லும் கம்பெனிகள் உண்டு, அதனால் கையேட்டைப் பாருங்கள்.

குளிர்காலத்தில் காலையில் கிளம்பும் நேரத்தைக் காரில் பதிந்து வைத்தால், செருகியிருக்கும்போதே கேபினையும் பேட்டரியையும் வீட்டு மின்சாரத்தில் சூடாக்கிக்கொள்ளும். ரேஞ்ச் மிச்சமாகும், கண்ணாடியில் பனியும் சுரண்ட வேண்டாம். ஓட்டும்போது காற்றைச் சூடாக்குவதைவிட சீட் ஹீட்டருக்கும் ஸ்டீயரிங் ஹீட்டருக்கும் மின்சாரம் மிகக் குறைவு. கடும் குளிரில் பிரேக் போடும்போது பேட்டரிக்குத் திரும்பும் மின்சாரமும் குறையும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கார் வழக்கம்போல இழுத்து நிற்காது. முதல் சில மைல் அதற்கேற்ப ஓட்டுங்கள்.

ஆறாம் படி: ஊரைச் சுற்றியுள்ள சார்ஜர்களைத் தெரிந்துவையுங்கள்

போனில் பிளக்‌ஷேர் செயலியை வையுங்கள். கார் ஓட்டும் மக்கள் ஒவ்வொரு சார்ஜரிலும் வேலை செய்ததா இல்லையா என்று அதில் எழுதிவிட்டுப் போகிறார்கள். சின்ன ஊர்களில் நகர நூலகம், நீதிமன்றச் சதுக்கம், மருத்துவமனை, மோட்டல், கார் டீலர் வாசல் ஆகிய இடங்களில் லெவல் 2 இருக்கும். டீலர் வாசலில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை சங்கிலிக்குப் பின்னால் போய்விடலாம். கடைசி ஆள் வந்துபோய் ஆறு மாதம் ஆன சார்ஜரை நம்பிப் பயணம் கிளம்பாதீர்கள்.

சின்ன ஊர்க்காரர்கள் அறிந்திருக்க வேண்டிய இன்னோர் இடம், ஆர்வி பார்க். வீட்டு வண்டிகள் நிற்கும் இந்த முகாம்களிலும், கவுன்டி கண்காட்சித் திடல்களிலும், பல மாநிலப் பூங்கா முகாம்களிலும் அதே நீமா 14-50 அவுட்லெட் இருக்கிறது. அந்த ப்ளக் உள்ள கையடக்க சார்ஜர் டிக்கியில் இருந்தால், அலுவலகத்தில் கேட்டு இரவு வாடகை கொடுத்துச் சார்ஜ் செய்யலாம். அங்கே இருக்கும் 30 ஆம்ப் மூன்று முனை அவுட்லெட் 240 வோல்ட் இல்லை, 120 வோல்ட். அடாப்டர் போட்டாலும் மெதுவாகத்தான் ஏறும். 24 ஆம்புக்கு மேல் இழுக்காதபடி சார்ஜரிலேயே குறைத்து வைக்க வேண்டும்.

ஏழாம் படி: நெடும்பயணம்

கொலம்பஸிலிருந்து சிகாகோவுக்கு ஐ-65 வழியே ஏறக்குறைய 225 மைல். 270 மைல் ரேஞ்ச் உள்ள கார் கோடையில் நெடுஞ்சாலை வேகத்தில் 230 மைல் போகும். ஒரே மூச்சில் போய்விடலாம் என்று தோன்றும், போகாதீர்கள். பாதி வழியில் லஃபாயெட்டில் நின்று சார்ஜ் செய்துகொண்டு கிளம்புங்கள். குளிர்காலத்தில் அது கட்டாயமே. லஃபாயெட்டைத் தாண்டியதும் சாலையின் இரு பக்கமும் மெடோ லேக் காற்றாலைகள் வரிசையாக வரும். காற்றாலை வைக்கும் அளவுக்கு அங்கே காற்று வீசுகிறது. வடமேற்கே போகும்போது அது பெரும்பாலும் எதிர்க்காற்று. ரேஞ்ச் எதிர்பார்த்ததைவிட வேகமாக இறங்கும் இடம் இதுதான். வேகத்தை 75-இலிருந்து 65 ஆக்கினாலே கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் வரும்.

ஏ பெட்டர் ரூட்பிளானர் என்ற செயலி காற்று, குளிர், வேகம் எல்லாவற்றையும் சேர்த்து எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லும். எந்தச் சார்ஜருக்கும் 15 சதவீதத்துக்குக் குறையாமல் போய்ச் சேரும்படித் திட்டமிடுங்கள். அது பழுதாகியிருந்தால் அடுத்ததற்குப் போக வேண்டுமே. 80 சதவீதம் ஆனதும் கிளம்பிவிடுங்கள். அதற்கு மேல் செல்களின் வோல்டேஜ் எல்லையை நெருங்குவதால் கார் மின்சாரத்தைக் குறைத்துக்கொண்டே போகும். கடைசி 20-க்கு ஆகும் நேரம் முதல் 70-க்கு ஆகும் நேரத்தை எட்டிவிடலாம். ஃபாஸ்ட் சார்ஜரைக் காரின் வரைபடத்திலேயே இலக்காக வைத்தால், போய்ச் சேரும் முன்பே பேட்டரியைச் சூடாக்கித் தயாராக்கும் வசதி பல கார்களில் உண்டு. ஜனவரியில் இதை விட்டுவிட்டால் 20 நிமிடத்தில் முடிவது ஒரு மணி நேரம் ஆகும்.

அடாப்டர்கள் இரண்டு வகை: ஃபாஸ்ட் சார்ஜுக்கு ஒன்று, ஓட்டல்களில் இருக்கும் மெதுவான டெஸ்லா சார்ஜருக்கு வேறொன்று. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் ஒன்றை மற்றதற்குப் பயன்படுத்தக்கூடாது. கார் கம்பெனி விற்பதையே வாங்குங்கள். சூப்பர்சார்ஜர்களில் பழைய இரண்டாம் தலைமுறை நிலையங்கள் மற்ற கார்களுக்குத் திறக்கவில்லை. செயலியில் உங்கள் காருக்கு உண்டு என்று காட்டும் நிலையத்துக்கே போங்கள்.

2021 உள்கட்டமைப்புச் சட்டம் நெடுஞ்சாலைச் சார்ஜர்களுக்கு 500 கோடி டாலர் ஒதுக்கியது. 50 மைலுக்கு ஒன்று, சாலையிலிருந்து ஒரு மைலுக்குள், ஒவ்வொன்றிலும் 150 கிலோவாட் தரும் நான்கு இணைப்புகள் என்பது அதன் முதல் விதி. ஐ-65 ஓரத்து ஊர்களுக்கு இதில் பலன் அதிகம். மாநிலச் சாலையில் 40 மைல் உள்ளே இருக்கும் ஊருக்கு அவ்வளவாக இல்லை. உங்கள் ஊர் அப்படியென்றால் ரேஞ்ச் கணக்கில் இன்னும் 50 மைலைக் கூட்டிக்கொள்ளுங்கள். பின்னால் டிரெய்லர் இழுத்தால் ரேஞ்ச் பாதியாகிவிடும் என்றே வையுங்கள்.

எட்டாம் படி: மின்சாரம் போகும் நாள்

பனிக்கட்டி மழைக்குப் பிறகு கிராமத்து லைன்களில் மின்சாரம் திரும்ப ஓரிரு நாள் ஆவதுண்டு. புயல் எச்சரிக்கை வந்ததும் காரை 100 வரை ஏற்றிவிடுங்கள். ஐயோனிக் 5 போன்ற கார்களிலிருந்து 120 வோல்ட் வெளியே எடுக்கலாம். ஃப்ரிட்ஜ், விளக்கு, அடித்தளத்தில் சேரும் நீரை வெளியேற்றும் சம்ப் பம்ப் ஆகியவற்றை எக்ஸ்டென்ஷன் கார்டில் ஓட்டலாம். ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் சிலவற்றில் 9.6 கிலோவாட் வரை கிடைக்கும். வீட்டை வெளிக்கம்பியிலிருந்து துண்டிக்கும் டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் இல்லாமல் காரின் மின்சாரத்தை வீட்டு அவுட்லெட் வழியாகப் பேனலுக்குள் திருப்பிவிடாதீர்கள். அது வெளியே கம்பிக்குப் போய், கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரை எடுத்துவிடும்.

கடைசியாகச் சில செலவுகள்

கேஸ் வரி கட்டாததற்கு ஈடாகப் பல மாநிலங்கள் பதிவுக் கட்டணத்தோடு கூடுதலாக வாங்குகின்றன. இந்தியானாவில் ஆண்டுக்கு 200 டாலருக்கு மேல். டெக்சாஸில் 200, புதிய காருக்கு முதலில் 400. அயோவாவில் 130, அதோடு பொது சார்ஜரில் யூனிட்டுக்கு 2.6 சென்ட் வரி.

காப்பீட்டில் காம்ப்ரிஹென்சிவ் பகுதியை விட்டுவிடாதீர்கள். அக்டோபர், நவம்பரில் மான் குறுக்கே பாயும் ஊர்கள் இவை. அந்த இடிக்கு இழப்பீடு தருவது அந்தப் பகுதிதான். எண்ணெய் மாற்றும் வேலை இல்லை, ஆனால் டயர் சீக்கிரம் தேயும். நான்கையும் முறையாக இடம் மாற்றிப் போடுங்கள். சாலையில் உப்புக் கொட்டும் மாநிலங்களில் ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் காலிப்பர்களைச் சுத்தம் செய்து கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். மோட்டாரே காரை நிறுத்திவிடுவதால் பிரேக் அதிகம் உழைக்காமல் துருவேறி இறுகிவிடும். முன்னால் இருக்கும் சிறிய 12 வோல்ட் பேட்டரி செத்தாலும் கார் கிளம்பாது; மூன்று, நான்கு ஆண்டு ஆனதும் சோதித்து மாற்றுங்கள். இந்த வேலைகளை ஊர் மெக்கானிக்கே செய்வார். அதிக வோல்ட் ஓடும் ஆரஞ்சு நிற வயர்களை மட்டும் அவர் தொட வேண்டாம்.